மஜ்லிஸின் சிரிப்பும் அமானிதமும்: அபூ ஹய்யான் அத்தவ்ஹீதியின் இரவு உரையாடல்கள்

நண்பர்கள் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கு தொடங்கினாலும் சற்று நேரத்தில் ஆட்சியாளர்களிடம் போய்ச் சேரும். அங்கிருந்து பாடகர்களிடமும் கலைஞர்களிடமும் தாவும். இறுதியில் அன்று வராமற்போன நண்பரிடம் வந்து நிற்கும். இப்பேச்சைப் பற்றி நம்மிடையே இருவகை நிலைப்பாடுகள் நிலவுகின்றன. மார்க்கச் சொற்பொழிவுகள் இதனை வீண்பேச்சு என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றன. நவீனக் கல்வி பெற்றோர் இதனைக் கருத்துச் சுதந்திரம் என்ற ஒரே சொல்லில் நியாயப்படுத்திவிடுகின்றனர். நமது நாகரிகம் அதன் உச்சகட்டத்தில் இப்பேச்சை எவ்வாறு கையாண்டது என்று இரு சாராருமே திரும்பிப் பார்ப்பதில்லை.

அவ்வாறு பார்க்க விரும்புவோர் முதலில் திறக்க வேண்டிய நூல் அபூ ஹய்யான் அத்தவ்ஹீதி எழுதிய ‘அல்இம்தாஉ வல்முஆனஸா’ ஆகும். ‘இன்புறுத்தலும் உறவாடலும்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்தாதில், புவைஹிய ஆட்சியாளர் ஸம்ஸாமுத் தவ்லாவின் வஸீராக இருந்த இப்னு ஸஃதானின் மஜ்லிஸில், ஏறத்தாழ நாற்பது இரவுகள் நடைபெற்ற உரையாடல்களின் பதிவு அது. அஹ்மத் அமீனும் அஹ்மத் அஸ்ஸைனும் 1939 முதல் 1944 வரை கெய்ரோவில் மூன்று பாகங்களாகப் பதிப்பித்த பின்னரே அது பரவலாக வாசிக்கப்படலாயிற்று. ஆயிரத்தொரு இரவுகள் பொதுமக்களின் கற்பனைக்கு எதுவோ, அறிவாளிகளின் வாழ்க்கைக்கு இந்நூல் அது என்ற பொருள்பட அஹ்மத் அமீன் தம் முன்னுரையில் இதனை மதிப்பிட்டார். அம்மதிப்பீடு பொருத்தமானதே. எனினும் நூலின் உள்ளே ஓடும் ஒரு கேள்வியை அது தொடவில்லை. நண்பர்களின் நகைச்சுவை எவ்விடத்தில் அறமாகிறது, எவ்விடத்தில் கீபத்தாகிறது என்பதே அக்கேள்வி. தவ்ஹீதி அதற்கு விடை அறிந்திருந்தார் என்பதும், அறிந்தவாறு எப்போதும் நடந்துகொள்ளவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நூல் பிறந்த வரலாறு

தவ்ஹீதி தொழிலால் ஒரு ‘வர்ராக்’. பிறர் நூல்களைக் கூலிக்குப் பிரதி செய்து கொடுப்பவர். கண்ணையும் ஆயுளையும் தின்னும் அத்தொழிலைத் துரதிர்ஷ்டத்தின் தொழில் என்றே அவர் குறிப்பிட்டார். ரய் நகரில் அஸ்ஸாஹிப் இப்னு அப்பாதின் அவையில் மூன்றாண்டுகள் காத்துக் கிடந்து, ஹி. 370ஆம் ஆண்டளவில் வெறுங்கையுடன் பக்தாத் திரும்பிய அவருக்கு ஆதரவளித்தவர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி. முக்கோணவியலில் இன்றும் பெயர் பேசப்படும் அந்தக் கணிதமேதைதான் தவ்ஹீதியை இப்னு ஸஃதானிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பின்னர் அதே நண்பர் சினங்கொண்டார். வஸீரின் தனிமையில் பல இரவுகள் அமர்ந்து பேசிய தவ்ஹீதி, அங்கு நடந்தவை எவற்றையும் தம்மிடம் வந்து சொல்லவில்லை என்பது அவரது குறை. நடந்த அனைத்தையும், நல்லதும் கெட்டதும், இனிப்பும் கசப்பும் விடாமல் ஒப்புவிக்க வேண்டும். இன்றேல் உறவு முறியும் என்று எச்சரித்தார். வாயால் சொன்னால் விடுபடும், எழுதித் தருகிறேன் என்று தவ்ஹீதி இணங்கினார். அவ்வாறு எழுதப்பட்டதே இந்நூல். அதாவது, ஒரு நண்பரின் மஜ்லிஸில் பேசியதை மற்றொரு நண்பரின் அச்சுறுத்தலுக்குப் பணிந்து வெளியிட்ட பத்திரம் இது. மஜ்லிஸ்களில் பேசப்படுபவை அமானிதம் என்ற கருத்துடைய நபிமொழியை அறிந்த எவரும் நூலின் முதற்பக்கங்களிலேயே இச்சங்கடத்தை உணர்வர். தவ்ஹீதியும் உணர்ந்திருந்தார். பொறாமைக்காரர்களின் கண்ணில் படாமல் இதனைக் காக்குமாறு நூலுக்குள்ளேயே அவர் மன்றாடுகிறார்.

காஃபும் தாவும்

முதலிரவில் தவ்ஹீதி வஸீரிடம் கேட்ட சலுகை கவனத்துக்குரியது. அரசவை மரபின்படி வஸீரைப் படர்க்கையில், அலங்கார அடைமொழிகளுடன் விளிக்க வேண்டும். தவ்ஹீதியோ, அரபு முன்னிலையின் அடையாளங்களான ‘காஃப்’, ‘தா’ ஆகிய எழுத்துகளைக் கொண்டு நேரடியாகப் பேச அனுமதி வேண்டினார். சுற்றி வளைத்தலும் மறைமொழியும் ஒழிந்தாலன்றிப் பேச்சு சரளமாக ஓடாது என்பது அவர் கருத்து. வஸீர் மகிழ்ந்து இசைந்தார். அல்லாஹ்வையே அடியார்கள் முன்னிலை ஒருமையில் அழைத்துப் பிரார்த்திக்கின்றனர். நபியவர்களையும் (ஸல்) நபித்தோழர்களையும் மக்கள் அவ்வாறே விளித்தனர். இதில் இழிவு காண்போர் அற்பர்களே என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ என்ற படிநிலைகளில் வாழும் தமிழ் வாசகருக்கு இதன் கனம் எளிதில் விளங்கும். நண்பர்களிடையே ‘தாங்கள்’ நுழையும்போது நகைச்சுவை வெளியேறிவிடுகிறது. விளியில் சமத்துவம் இல்லாத இடத்தில் கூறப்படும் வேடிக்கை முகத்துதியாகவே இருக்கும். கேட்பவர் சிரிப்பதும் சிரிக்காததும் சொன்னவரின் பிழைப்பைத் தீர்மானிக்கும். ரய்யில் தவ்ஹீதி கண்டது அத்தகைய அவையையே. வஸீர் இப்னு அப்பாதின் எதுகைப் பித்தைப் பற்றி அதப் நூல்களில் வழங்கும் ஒரு கதையில், ‘கும்’ என்ற ஊரின் நீதிபதி பதவி இழக்கிறார். அரபியில் அவ்வூர்ப் பெயரும் ‘எழுந்து போ’ என்ற ஏவலும் ஒரே ஓசையுடையவை. அச்சிலேடையின் சுவைக்காகவே பதவிநீக்க ஆணை பிறந்ததாம். என்னை நீக்கியது எதுகைதான் என்று அந்நீதிபதி கூறி வந்தாராம். கதை மெய்யாயினும் புனைவாயினும், அதிகாரம் வேடிக்கை செய்யும்போது வேலை இழப்பவர் யார் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

இப்னு ஸஃதானின் மஜ்லிஸ் வேறு வகையினது. கிறிஸ்தவத் தத்துவவாதி இப்னு ஸுர்ஆவும், வரலாற்றாசிரியரும் அறவியலாளருமான மிஸ்கவைஹும், கேலிக் கவிஞர் இப்னுல் ஹஜ்ஜாஜும் அவரைச் சூழ இருந்தனர். தர்க்கமும் இலக்கணமும் ஆன்மாவின் இயல்பும் விவாதிக்கப்பட்ட பின், ஒவ்வோர் இரவும் விடைபெறும் வேளையில் ஒரு சுவையான துணுக்கை வஸீர் கேட்பது வழக்கம். ஓர் இரவை முழுவதுமாகவே வேடிக்கைக்கு ஒதுக்கினர். அவ்விரவின் இறுதியில், இவ்வகைப் பேச்சை முற்றாகப் பழிப்பது அநீதி என்று கூறும் வஸீர், இப்னு அப்பாஸ் (ரலி) பற்றிய ஒரு செய்தியை எடுத்துக்காட்டுகிறார். குர்ஆன், சுன்னா பற்றிய நீண்ட அமர்வுக்குப் பின் அவர்கள் தம் தோழர்களை இலேசான பேச்சுக்கு அழைப்பார்களாம். அதற்கு அவர்கள் ஆண்ட சொல், இனிய புல்லை மேய்ந்து சலித்த ஒட்டகங்கள் உப்புச் செடிகளை நாடுவதைக் குறிக்கும் பாலைவனச் சொல். உவமை நுட்பமானது. உப்புச் செடி ஒட்டகத்துக்குத் தேவைதான். அதனை மட்டுமே தின்று எந்த ஒட்டகமும் வாழாது.

ஆட்சியாளரைப் பற்றிய பேச்சு

நூலின் மிக வலிமையான பகுதி, சிரிக்கப்பட்டவர் சினங்கொண்ட இரவைப் பற்றியது. பக்தாத் மக்கள் தம்மைப் பற்றியும் தம் அரண்மனை இரகசியங்களைப் பற்றியும் கடைத்தெருக்களில் பேசித் திரிவதாக அறிந்த இப்னு ஸஃதான் கொதித்துப் போகிறார். நாவுகளையும் கை கால்களையும் வெட்டி ஒரு பாடம் புகட்டலாமா என்று பன்முறை எண்ணியதாகவே சொல்கிறார். முன்னிலையில் விளிக்க இசைந்த அதே வஸீர்தான் இவர். தம் அறைக்குள் இருக்கும் நண்பருக்கு அளித்த உரிமையைத் தெருவில் நிற்கும் வைக்கோல் வியாபாரிக்கு அளிக்க அவருக்கு மனம் வரவில்லை.

தவ்ஹீதி தம் ஆசான் அபூ ஸுலைமான் அல்மன்திக்கியின் கருத்தை விடையாக முன்வைக்கிறார். மக்கள் ஆட்சியாளரிடம் இவ்வாறு திருப்பிக் கேட்டால் என்ன பதில் உண்டு என்பது அதன் சாரம். எங்கள் பிடரி உங்கள் கையில். எங்கள் வீடுகளில் நீங்கள் குடியிருக்கிறீர்கள். எங்கள் செல்வத்தைப் பறிமுதல் செய்கிறீர்கள். எங்கள் வாரிசுச் சொத்திலும் பங்கெடுக்கிறீர்கள். அப்படியிருக்க உங்களைப் பற்றி நாங்கள் ஏன் பேசக்கூடாது? ஆட்சியாளரைப் பற்றிய பேச்சு மக்களின் பொழுதுபோக்கு அன்று. தம் வாழ்வு எவர் கையில் இருக்கிறதோ அவரை அறிந்துகொள்ளும் முயற்சி அது என்ற கருத்து, இவ்வளவு வெளிப்படையாக நான்காம் நூற்றாண்டு நூலொன்றில் கிடைப்பது வியப்புக்குரியது.

அதனையடுத்து அப்பாஸியக் கலீபா அல்முஃததிதின் (ஆட்சி ஹி. 279–289) கதை வருகிறது. வைக்கோல் விற்கும் ஒரு முதியவரின் கடையில் சிலர் கூடி அரசைப் பற்றி வம்பளக்கின்றனர் என்று ஒற்றரின் துண்டுக் கடிதம் வருகிறது. கூடுவோரில் வசதி படைத்தோரும் எழுத்தர் குடும்பத்தினரும் உண்டு. கலீபா தம் வஸீர் உபைதுல்லாஹ் இப்னு ஸுலைமானிடம் பரிகாரம் கேட்கிறார். சிலரைச் சிலுவையில் அறையலாம், சிலரை எரிக்கலாம், சிலரை நீரில் மூழ்கடிக்கலாம் என்கிறார் அவர். இந்தக் கொடூரத்தைக் கேட்டதும் கலீபாவின் கோபமே தணிந்துவிடுகிறது. குடிமக்கள் ஆட்சியாளரிடம் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம் என்று நினைவூட்டி, அவர்களின் நிலையை விசாரிக்குமாறு ஆணையிடுகிறார். வறுமையால் பேசுபவனுக்கு உதவித்தொகை. வேலையின்றிப் பேசுபவனுக்கு வேலை. வசதியின் மிதப்பால் பேசுபவனுக்கு அழைத்து அறிவுரை.

இங்கு அமானிதம் என்ற சொல் இடம் மாறி நிற்பதைக் கவனிக்க வேண்டும். மஜ்லிஸில் பேசியது பேசியவர்களுக்கிடையில் அமானிதம். ஆட்சியாளருக்கோ பேசுகிற மக்களே அமானிதம். தம்மைப் பற்றிய ஏளனத்தைக் கேட்கும் ஆட்சியாளர், ஏளனம் செய்தவரை அன்று, ஏளனத்தின் காரணத்தையே தேடிச் செல்ல வேண்டும் என்பதே கதையின் பாடம். இக்கதையைக் கூறித் தவ்ஹீதி தம் நண்பரும் புரவலருமான வஸீரைத் திருத்துகிறார். நூல் நெடுகக் கெஞ்சும் குரலில் பேசும் ஓர் ஏழைப் பிரதியாளர், இந்த ஓர் இரவில் மக்களின் நாவுகளுக்காக வாதாடுகிறார். அநீதி இழைக்கும் ஆட்சியாளர் முன் சொல்லப்படும் உண்மையைச் சிறந்த ஜிஹாதாகக் கூறும் நபிமொழி மிம்பர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

பாடகிகளின் கணக்கு

அடுத்தது அக்காலத்து வெகுமக்கள் கலை. ஹி. 360இல் (கி.பி. 970–71) கர்க் பகுதியில் தாமும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து எடுத்த ஒரு கணக்கைத் தவ்ஹீதி தருகிறார். பக்தாதின் இருகரைகளிலும் பாடும் அடிமைப் பெண்கள் 460 பேர். பாடும் சுதந்திரப் பெண்கள் 120 பேர். சிறுவர்கள் 95 பேர். காவலும் அந்தஸ்தும் தடுத்ததால் தாங்கள் அணுக முடியாதவர்கள் இக்கணக்கில் சேரவில்லை என்ற குறிப்பையும் அவர் விடவில்லை. நண்பர்கள் கூடி இசைக்கலைஞர்களைப் பட்டியலிடும் பழக்கத்துக்கு இதைவிடப் பழைய, இதைவிட நேர்த்தியான ஆவணம் கிடைப்பது அரிது.

பட்டியலைச் சூழ்ந்து வரும் சித்திரங்களே உண்மையான விமர்சனம். இன்ன பாடகியின் குரலில் இன்ன பெரியவர் எவ்வாறு தன்னிலை இழந்தார் என்று ஒரே வாய்பாட்டில் ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஒரு ஸூஃபி மண்ணில் புரண்டு, நுரை தள்ளி, விரல்களைக் கடிக்கிறார். தலைமை நீதிபதி இப்னு மஃரூஃபும் வரிசையில் உண்டு. பகலில் கம்பீரம் பூண்டவர்கள் இரவில் எவ்வாறு உருகினர் என்பதைத் தவ்ஹீதி உரத்த கண்டனமின்றிச் சொல்லிச் செல்கிறார். பாட்டு ஹலாலா, ஹராமா என்ற வழக்கமான வாதத்துக்குள் அவர் புகவில்லை. பாட்டைக் கேட்பவன் யார் என்பதே அவர் பார்வை. கேலி முழுவதும் கேட்பவர்கள் மீதே விழுகிறது. பாடுபவள் மீது விழவில்லை.

ஆனால் பாடுபவளைக் கண்டதாகவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பாடகியின் பெயருக்குப் பின்னும் இன்னாரின் அடிமைப் பெண் என்ற உடைமைக் குறிப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. 460 என்ற எண்ணை எழுதிய கை, அது 460 விற்பனைப் பொருள்களின் எண் என்பதில் ஒரு கணமும் தயங்கவில்லை. இரசனையின் வேகத்தில், இரசிக்கப்படுபவரின் நிலை கண்ணுக்குத் தெரியாமற் போவது பக்தாதுக்கு மட்டும் உரிய குறையன்று.

இக்குறையை ஈடு செய்வதுபோல் நூலின் பிற்பகுதியில் வேறொரு கதை நிற்கிறது. ஹி. 362இல் ரோமர்கள் வடக்கு எல்லையைத் தாக்கினர்; அமீர் பக்தியாரோ கூஃபாப் பக்கம் வேட்டையில் இருந்தார். அறிஞர் குழுவொன்று அவரிடம் சென்று முறையிட வேண்டியதாயிற்று. போருக்கென மக்கள் திரண்ட குழப்பத்தில் ‘அய்யாரூன்’ எனப்பட்ட தெருச்சண்டைக் கூட்டத்தார் பக்தாதைக் கொள்ளையிட்டனர். அவர்களில் ஒருவன் அஸ்வத் அஸ்ஸுப்த் என்ற கறுப்பு அடிமை. பாலத்தடியில் பேரீச்சங்கொட்டை பொறுக்கி, அரையில் கந்தலுடன் கிடந்தவன். குழப்பத்தில் வாளேந்தித் தலைவனானான். 1,000 தீனாருக்கு ஓர் அடிமைப் பெண்ணை அவன் வாங்குகிறான். அவள் அவனை ஏற்க மறுக்கிறாள். என்னில் எதனை வெறுக்கிறாய் என்று கேட்டால், நீ இருக்கிறபடி முழுவதையும் என்கிறாள். என்ன வேண்டும் என்று கேட்டால், என்னை விற்றுவிடு என்கிறாள். அவனோ நீதிபதி ஒருவர் முன்னிலையில் அவளை விடுதலை செய்து, மேலும் 1,000 தீனாரும் கொடுத்து அனுப்புகிறான்.

அதே கொள்ளையில் தவ்ஹீதியின் வீடும் சூறையாடப்பட்டது. பணம் கேட்டுக் கத்தியை உருவிய கொள்ளையர் முன் அவருடைய பணிப்பெண் அச்சத்தால் இறந்து போனாள். இத்தனைக்குப் பிறகும் அக்கூட்டத்தின் ஒருவனிடம் கண்ட பெருந்தன்மையை அவர் மறைக்காமல் எழுதினார். பாடகிகளின் நீண்ட பட்டியலில் கேளாத பெண் குரல், இக்கதையில் இரண்டே வாக்கியங்களில் கேட்கிறது. அவ்விரண்டு வாக்கியங்களும் அரண்மனைப் பேச்சு அனைத்தையும்விடக் கூர்மையானவை. தமக்குத் தீங்கிழைத்த தரப்பைப் பற்றியும் நீதியாகப் பேச முடிந்தமை தவ்ஹீதியின் நாவு தொட்ட உயரம்.

வராத நண்பரைப் பற்றிய பேச்சு

அதே நாவு தாழ்ந்த இடங்களும் உண்டு. இரண்டாம் இரவில் வஸீர், தம்மைச் சூழ்ந்த அறிஞர்களைப் பற்றித் தவ்ஹீதியின் கருத்தைக் கேட்கிறார். தவ்ஹீதி ஒருவர்பின் ஒருவராக எடைபோடுகிறார். ஒற்றைக் கண்ணும் தோல்நோயும் காரணமாக அவைகளுக்குச் செல்லாது வீட்டிலேயே இருந்த அபூ ஸுலைமானின் சிந்தனை ஆழத்தைப் போற்றும் பகுதி நியாயமும் அன்பும் கொண்டது. மிஸ்கவைஹின் முறை வரும்போது தொனி மாறுகிறது. செல்வர் நடுவே அவர் ஏழை, நாவலர் நடுவே அவர் திக்குவாயர் என்ற தோரணையில் பேச்சு போகிறது. ரய்யில் பேரறிஞர் அல்ஆமிரீ தங்கியிருந்த ஆண்டுகளில் அவரிடம் பயிலாமல் இரசவாதத்தின் பின்னே மிஸ்கவைஹ் காலத்தை வீணாக்கினார் என்றும் சொல்லப்படுகிறது. வாசகர் இரசிப்பர், சந்தேகமில்லை. ஆனால் தவ்ஹீதி அனுப்பிய வினாக்களுக்குப் பொறுமையுடன் விடையளித்து ‘அல்ஹவாமில் வஷ்ஷவாமில்’ என்ற நூல் உருவாகத் துணைநின்றவர் இதே மிஸ்கவைஹ் என்பதையும் வாசகர் மறந்துவிடலாகாது.

இவ்விடத்தில்தான் மார்க்கத்தின் அளவுகோல் தேவைப்படுகிறது. நகைச்சுவையை இஸ்லாம் விலக்கவில்லை. நபியவர்கள் (ஸல்) தம் தோழர்களுடன் வேடிக்கையாகப் பேசினார்கள். உண்மையன்றி வேறெதுவும் சொல்வதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். மக்களைச் சிரிக்க வைக்கப் பொய் சொல்பவனை அவர்கள் எச்சரித்ததும் ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது. ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11, 12ஆம் வசனங்கள் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் துருவி ஆராய்தலையும் புறம்பேசுதலையும் ஒரே வரிசையில் தடுக்கின்றன. இத்தடைக்கு விதிவிலக்கான ஆறு சந்தர்ப்பங்களை இமாம் கஸ்ஸாலி (இறப்பு ஹி. 505) ‘இஹ்யா’வில் வகுத்தளித்தார்கள். அநீதிக்கு உள்ளானவர் முறையிடுதல், தீமையை மாற்ற உதவி கோருதல், ஃபத்வா கேட்டல், பிறரைத் தீங்கிலிருந்து எச்சரித்தல், பட்டப்பெயரால் மட்டுமே அறியப்படுபவரை அப்பெயரால் சுட்டுதல், பகிரங்கமாகப் பாவம் செய்பவரின் அப்பாவத்தைப் பேசுதல் என்பன அவை.

கஸ்ஸாலி தவ்ஹீதிக்குப் பிற்பட்டவர். எனினும் இவ்வளவுகோலை ‘இம்தாஉ’வின் மீது வைத்துப் பார்த்தால் நூல் தானாகவே இரண்டாகப் பிரிகிறது. வைக்கோல் கடைப் பேச்சு முதலிரு வகைகளுக்குள் அடங்கும், அது முறையீடு. நீதிபதியின் இசைப்பித்தைப் பற்றிய கேலி எல்லைக்கோட்டில் நிற்கிறது. மிஸ்கவைஹின் வறுமையையும் திக்கலையும் பற்றிய சிரிப்பு ஆறில் எதற்குள்ளும் அடங்காது. அதனால் எந்த அநீதியும் நீங்கவில்லை, எவரும் எச்சரிக்கப்படவில்லை, வஸீரின் முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்ததே அதன் பயன்.

‘அக்லாகுல் வஸீரைன்’ என்ற அவரது மற்றொரு நூலில் இச்சரிவு முழுமையடைகிறது. இப்னுல் அமீத், இப்னு அப்பாத் ஆகிய இரு வஸீர்களையும் தோலுரிக்கும் நூல் அது. முப்பது பாகக் கடிதத் தொகுதியைப் பிரதி செய்யச் சொல்லி, கூலியும் தராமல் அனுப்பிய புரவலர் மீது தவ்ஹீதிக்கு நியாயமான முறையீடு இருந்தது. கஸ்ஸாலியின் முதல் வாயில் அவருக்குத் திறந்தே இருந்தது. ஆனால் அவர் கூலிக் கணக்கோடு நிறுத்தவில்லை. இப்னு அப்பாத் கழுத்தை எவ்வாறு திருப்புவார், கண்களை எவ்வாறு உருட்டுவார் என்ற அங்க அசைவுகள் வரை எழுதினார். முறையீடாகத் தொடங்கியது பழிவாங்கலாக முடிந்தது. அந்நூலை வைத்திருப்பவருக்குத் துரதிர்ஷ்டம் நேரும் என்று இப்னு கல்லிகான் குறித்திருக்கிறார். அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். அதனுள் இருக்கும் இலக்கிய நியாயத்தை ஒதுக்க முடியாது. அந்நூலைப் படித்து முடிப்பவர் இப்னு அப்பாதை வெறுப்பதோடு எழுதியவரிடமும் சற்று விலகி நிற்கவே விரும்புவார்.

இரு வாசிப்புகள்

தவ்ஹீதியை நம் முன்னோரில் சிலர் கடுமையாக மதிப்பிட்டனர். இப்னுல் ஜவ்ஸீ அவரை இப்னுர் ராவந்தீ, அல்மஅர்ரீ ஆகியோருடன் சேர்த்து வழிகெட்டோரில் வைத்தார். தாஜுத்தீன் ஸுப்கீ அவரைப் பாதுகாத்துப் பேசினார். இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களோ வேறு திசையில் சென்றனர். புவைஹியர் காலத்து மனிதநேயவாதத்தை ஆராய்ந்த ஜோயல் கிரேமரின் 1986ஆம் ஆண்டு நூல் அவ்வகையில் முக்கியமானது. மதம் கடந்த நட்பு, தர்க்கத்தின் மீதான பற்று, தனிமனித ஆளுமை என்பன அவர்களைக் கவர்ந்தன. முதல் தரப்பு தவ்ஹீதியின் சிரிப்பைக் கண்டு அவரது ஈமானை ஐயுற்றது. இரண்டாம் தரப்பு அச்சிரிப்பை விடுதலையின் குரலாக மட்டும் கேட்டது. சிரிப்பு எவர் மீது விழுந்தது, அதனால் எவருக்கு என்ன நேர்ந்தது என்பதே பயனுள்ள விசாரணை. இரு வாசிப்புகளும் அதனைத் தொடாமல் கடந்து செல்கின்றன.

நேர்ந்தது என்ன? இப்னு ஸஃதான் ஹி. 375இல் (கி.பி. 985) பதவியிழந்து கொல்லப்பட்டார். நண்பர் குழாம் சிதறியது. உலர்ந்த ரொட்டித் துண்டும் வாடிய கீரையும் ஒட்டுப்போட்ட சட்டையும் எத்தனை காலம் என்று அபுல் வஃபாவிடம் புலம்பும் மடலுடன் நூல் முடிகிறது. சொல்நயத்தால் ஒரு வஸீரையே இரவு நெடுகச் சிரிக்க வைத்தவருக்கு அச்சொல்நயம் வயிற்றுச் சோற்றைத் தரவில்லை. முதுமையில் தம் நூல்களைத் தாமே எரித்தார் தவ்ஹீதி. அது குறித்துக் கண்டித்து எழுதிய நீதிபதி அபூ ஸஹ்லுக்கு ஹி. 400இல் அவர் விடுத்த பதில், யாகூத் அல்ஹமவீயின் நூலில் பாதுகாக்கப்பட்டுள்ளது. இருபதாண்டுகள் அண்டை வீட்டாராக வாழ்ந்தும் ஒருவரிடமும் உண்மையான அன்பைக் காணாதவர், தம் எழுத்தை அவர்கள் கையில் எவ்வாறு விட்டுச் செல்வார் என்பது அதன் உட்பொருள். தாம் இறந்தபின் அவற்றைப் புரட்டிக் குறை தேடி மகிழ்வார்கள் என்று அவர் அஞ்சினார். வராத நண்பரைப் பற்றிய பேச்சில் வல்லவராக இருந்தவர், தாமே வராத நண்பராகும் நாளைக் கண்டு நடுங்கினார். முன்னரே பிறர் கைக்குச் சென்றிருந்த பிரதிகளின் வழியாகவே அவரது நூல்கள் நம்மை வந்தடைந்தன.

இன்று மஜ்லிஸ் கைபேசிக்குள் புகுந்துள்ளது. அமைச்சரின் உளறலையும் நடிகரின் புதிய படத்தையும் பற்றிய வேடிக்கைகள் நண்பர் குழுக்களில் நொடிப்பொழுதில் பரிமாறப்படுகின்றன. வைக்கோல் கடைப் பேச்சை ஒரு துண்டுக் கடிதத்தில் எழுதிக் கொண்டுபோன ஒற்றரின் வேலையை இன்று குழுவிலுள்ள எவரும் விரல் நுனியில் செய்துவிடலாம். நண்பர்களுக்கென்று சொன்ன ஒரு வேடிக்கை மறுநாள் காவல் நிலையத்தில் ஆவணமாவது நடைமுறையில் நாம் காணும் ஒன்று. ஆகவே அமானிதம் பற்றிய பழைய கேள்விகள் இன்று கூடுதல் கனம் பெறுகின்றன. அவை அதிகாரத்தில் இருப்போரையும் பேசுவோரையும் கேட்போரையும் தனித்தனியே கட்டுப்படுத்துகின்றன. அல்முஃததித் செய்ததைப்போல் ஏளனத்தின் காரணத்தை விசாரிப்பது முதல் தரப்பின் கடமை. வலியவரின் அநீதியையும் எளியவரின் குறைபாட்டையும் ஒரே சிரிப்பில் சேர்க்காதிருப்பது பேசுவோரின் கடமை. தம்மை நம்பிச் சொல்லப்பட்டதை அச்சத்தாலோ ஆசையாலோ அவைக்கு வெளியே கொண்டு போகாதிருப்பது கேட்போரின் கடமை.

‘இம்தாஉ வல்முஆனஸா’ இம்மூன்றில் முதலிரண்டையும் தன் சிறந்த பக்கங்களில் கற்பிக்கிறது. மூன்றாவதை அது மீறியே பிறந்தது. அம்மீறல் இல்லையெனில் நமக்கு இந்நூலே இல்லை. இந்த முரணைத் தீர்த்துவைக்க முயலாமல் இரண்டையும் சேர்த்தே வாசிப்பது நேர்மை. தவ்ஹீதியின் நாற்பது இரவுகளையும் வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது இரண்டாம் இரவில் பேசப்பட்டவர்கள் அந்த அறையில் இல்லை என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.